ஒன்பதாம் அத்தியாயத்தின் ஐந்து பாடங்கள்

அந்த நாவலின் ஒன்பதாம் அத்தியாயத்தில் படகுக்காரன் தன் மனைவியைத் துடுப்பால் அடித்துக் கொல்கிறான். நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதிய நாவல். அதைச் சுருக்கிப் பள்ளிப் பாடநூலில் வைத்தபோது, பிஞ்சு மனங்கள் புண்படும் என்று ஒன்பதாம் அத்தியாயத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி இருந்தது: "இங்கு ஒரு வன்முறை நிகழ்கிறது." அதற்குக் கீழே, அந்த வன்முறையிலிருந்து வாசகர் கற்றுக்கொள்ள வேண்டிய ஐந்து பாடங்களைக் கட்டம் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

சினத்தை அடக்க வேண்டும். உணவை உரிய நேரத்தில் சமைக்க வேண்டும். பிறர் குடும்பத்தில் தலையிடாமல் அமைதி காக்க வேண்டும். தொழில் கருவிகளை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. இலக்கியம் வாழ்வைச் செம்மைப்படுத்தும்.

பிள்ளைகள் ஐந்தையும் நெட்டுருப் போட்டார்கள். என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே எட்டு மதிப்பெண் வாங்கினார்கள். முன்னுரைக்கு ஒன்று, பாடங்களுக்கு ஐந்து, முடிவுரைக்கு ஒன்று, அடிக்கோட்டுக்கு ஒன்று.

மொழித் தேர்வு முடிந்து இருபத்திரண்டாம் நாள் விடைத்தாள் திருத்தும் முகாம் தொடங்கியது. ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் வகுப்பறைகளில் மேசைக்கு ஆறு பேராக ஆசிரியர்களை உட்கார வைத்தார்கள். வாசலில் காவலாளி எல்லோருடைய போனையும் வாங்கித் தகர டப்பாவில் போட்டுக்கொண்டார். விடைத்தாள்களில் மாணவர் பெயர் இருக்காது, பள்ளியின் பெயர் இருக்காது. ஒரு பொய் எண் மட்டும் இருக்கும். எந்த எண் எந்தப் பிள்ளை என்பது முகாம் அலுவலரின் இரும்பு அலமாரிக்குத்தான் தெரியும்.

மூன்றாவது மேசையில் ஓரமாக உட்கார்ந்திருந்த மொழி வாத்தியாருக்கு வயது ஐம்பத்து மூன்று. தேறுவேனா மாட்டேனா என்று ஒரு தாள் கரையில் நின்றால், அரை மதிப்பெண் கூட்டி இழுத்துப் போட்டுவிடுவார். ஆகவே முகாமில் அவரை அரை மார்க்கு என்பார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

இரண்டாம் நாள் காலை ஒரு தாளைப் பிரித்தவர் அதிலேயே நின்றுவிட்டார்.

"என்ன அரை மார்க்கு, தாளையே முறைச்சுக்கிட்டு இருக்கீங்க? அது பயந்து தானா மார்க்கு போட்டுக்குமா?" என்றார் பக்கத்து நாற்காலி டீச்சர்.

வாத்தியார் தாளை டீச்சர் பக்கம் தள்ளினார். எட்டு மதிப்பெண் கேள்விக்கு எழுதிய விடை. ஒன்பதாம் அத்தியாயத்தின் வன்முறையிலிருந்து வாசகர் பெறும் பாடங்கள் யாவை என்ற கேள்வி.

"ஐந்து பாடங்களும் எனக்குத் தெரியும். எழுத மனம் வரவில்லை. நடந்ததைப் புத்தகத்தில் விட்டுவிட்டார்கள். நான் எழுதுகிறேன். முதலில் கதவைத் தாழ் போடுவார். பிறகு ரேடியோ சத்தத்தைக் கூட்டுவார். அக்காவோடு போ என்று அம்மா தங்கச்சியை என் பக்கம் தள்ளிவிடுவாள். நாங்கள் இரண்டு பேரும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவோம். பெல்ட் என்றால் எத்தனை அடி என்று எண்ணலாம். ரப்பர் குழாய் என்றால் சத்தம் வராது, எண்ண முடியாது. போன மாதத்திலிருந்து அம்மாவுக்கு இடது காது கேட்பதில்லை. அதனால் நான் வலது பக்கம்தான் உட்காருகிறேன். இந்தத் தடவை விட மாட்டேன் என்று நேற்று அப்பா சொன்னார். இதைத் திருத்துகிறவருக்கு: எனக்கு மதிப்பெண் வேண்டாம். பெரியவர்கள் யாராவது எங்கள் வீட்டுக்கு வந்தால் போதும். வீட்டு விலாசம்:"

அதற்குப் பிறகு மூன்று வரிக்குக் கறுப்பு மை. ஓரத்தில் ஒரு முத்திரை: "அடையாளத்தை வெளிப்படுத்தும் பகுதி விதி பதினொன்றின்படி நீக்கப்பட்டது." அதன் மேல் சுருக்கொப்பம், தேதி.

வாத்தியார் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். ஒரு எழுத்துக்கூடத் தெரியவில்லை. துறை வாங்கிய பொருள்களில் ஒழுங்காக வேலை செய்தது அந்த மை ஒன்றுதான்.

"யாரோ இதைப் படிச்சிருக்காங்க டீச்சர்."

"ஆமா."

"படிச்சிட்டு, ஸ்கேல் வச்சு நேரா அழிச்சிருக்காங்க."

டீச்சர் தாளை மெதுவாகத் திருப்பிக் கொடுத்தார். "இருபத்திமூணு நாள் ஆச்சு சார்," என்றார். அப்புறம் தன் தாள்கட்டை எடுத்துத் திருத்த ஆரம்பித்தார். மூன்று தாள் திருத்திவிட்டு எழுந்து கழிப்பறைக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை.

வாத்தியார் தலைமைத் தேர்வாளரிடம் போனார். ஆறு பேர் திருத்தியதை மறுபடி பார்ப்பது அவர் வேலை.

"எத்தன பாடம் எழுதியிருக்கு?" என்று கேட்டார் தலைமைத் தேர்வாளர்.

"ஒண்ணும் எழுதல சார்."

"அடிக்கோடு?"

"இல்ல."

"அப்ப பூஜ்யம். இதுக்கு எதுக்கு எந்திரிச்சு வந்தீங்க?"

"படிச்சுப் பாருங்க சார்."

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். முகம் இறுகியது. வாத்தியாருக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது.

"ரொம்பப் பெரிய விஷயம் சார் இது. இந்தப் பொண்ணு மூல நாவலைப் படிச்சிருக்கு!"

"சார்?"

"அப்புறம் அடிக்கிறது எப்படித் தெரியும்? புத்தகத்துல நாம கொடுக்கவே இல்லையே. மூலத்தை யாரும் படிக்கக் கூடாதுன்னு எல்லா நூலகத்துலயும் பூட்டி வச்சிருக்கோம். எங்கிருந்து கிடைச்சிருக்கும்?"

"மூலத்துல துடுப்பு சார். ரப்பர் குழாய் இல்ல. நூறு வருஷத்துக்கு முந்தி படகுக்காரன் குடிசையில ரேடியோ ஏது?"

தலைமைத் தேர்வாளர் யோசித்தார். பிறகு தாளின் மூலையில் பென்சிலால் எழுதிக்கொண்டார்: "மூலத்தைத் திரித்தும் எழுதியுள்ளார்."

மதியம் சாப்பாட்டு இடைவேளையில் வாத்தியார் வாசலுக்குப் போய், தகர டப்பாவிலிருந்து தன் போனைக் கேட்டு வாங்கிக் காவல் நிலையத்துக்குப் பேசினார். ஒரு வீட்டில் தாயும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்றார்.

"பேரு சொல்லுங்க."

"தெரியாது."

"விலாசம்?"

"அழிச்சிட்டாங்க. நம்பர் ஒண்ணு இருக்கு."

"என்ன நம்பர்?"

"பொய் நம்பர்."

மறுமுனையில் இருந்தவர் நல்ல மனிதர். திட்டவில்லை. வெயில் அதிகம், தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

முகாம் அலுவலரின் அறையில் இரும்பு அலமாரி ஒன்றும் விதிப் புத்தகம் ஒன்றும் இருந்தன. அலுவலர் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். வாத்தியார் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். நடுவில் இரண்டு முறை "ச்சு" கொட்டினார்.

"எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க சார். உங்க மனசு எனக்குப் புரியாதா?"

"அப்ப அந்த நம்பரைத் திறந்து பேரைப் பாருங்க சார். ஒரு ஆளை அனுப்புங்க."

"திறக்கலாம். தாராளமா திறக்கலாம். ஆனா நம்பரைத் திறக்கறதுக்கு விதியில ஒரே ஒரு காரணம்தான் இருக்கு. முறைகேடு."

"உயிர் போற விஷயம் சார்."

அலுவலர் விதிப் புத்தகத்தின் பொருளடக்கத்தில் விரலை ஓட்டினார். உண்மையாகவே தேடினார். "உ-வுல உதவித்தொகை இருக்கு, உபரித் தாள் இருக்கு, உறை இருக்கு," என்றார். "உயிர் இல்லையே சார்."

அலுவலர் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்து, அவர் பக்கம் நகர்த்தினார்.

"தலைமைத் தேர்வாளர் சந்தேகப்படுறார் பாருங்க, மூல நாவலைப் படிச்சிட்டு எழுதியிருக்குன்னு. நீங்க அதைப் புகாரா எழுதிக் கையெழுத்துப் போடுங்க. சாயந்திரமே திறந்திடலாம்."

"அந்தப் பொண்ணு எந்தத் தப்பும் பண்ணலயே."

"பண்ணலன்னா விசாரணையில தெரிஞ்சிடப் போகுது. திறக்கணுமா வேண்டாமா? அதைச் சொல்லுங்க."

முப்பது வருஷத்தில் ஒரு பிள்ளையைக்கூட அவர் மாட்டிவிட்டதில்லை. காப்பி அடித்தவனிடம் துண்டுச் சீட்டைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து எழுது என்று சொன்னவர். படிவத்தை இரண்டு முறை படித்தார். பேனாவைத் திறந்தார். சிவப்பு மை. அலுவலர் தன்னுடைய நீலப் பேனாவைக் கொடுத்தார். வாத்தியார் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலையில் விசாரணைக் குழு கூடியது. மேலிடத்திலிருந்து வல்லுநர் வந்திருந்தார். அந்த ஐந்து பாடங்களையும் எழுதியவர் அவர்தான். அவருக்குத் தனி நாற்காலி போட்டு முதுகுக்குத் தலையணை வைத்தார்கள்.

"வன்முறை என்பது என்ன?" என்று ஆரம்பித்தார் வல்லுநர். "அது மூலப்பொருள். பாடம் என்பது அதிலிருந்து நாம் தயாரிக்கிற பண்டம். பஞ்சைக் கொண்டுபோய் யாரும் உடம்பில் சுற்றிக்கொள்வதில்லை. துணியாக்கித்தான் கொடுக்கிறோம். இந்த மாணவி பஞ்சைக் கொண்டுவந்து நம் மேசையில் கொட்டியிருக்கிறார்."

தலைமைத் தேர்வாளர் குறித்துக்கொண்டார்.

"ஐயா, நீங்க ஒன்பதாம் அத்தியாயம் படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் வாத்தியார்.

"இல்லை." வல்லுநர் பெருமையாகத் தலையை அசைத்தார். "படித்தால் நடுநிலை போய்விடும். அடித்தவன் மீது கோபம் வரும், அடிபட்டவள் மீது இரக்கம் வரும். அப்புறம் எங்கே பாடம் எழுதுவது? நான் இதுவரை இருபத்திரண்டு நாவல்களின் வன்முறைக்குப் பாடம் எழுதியிருக்கிறேன். ஒன்றில்கூட இரத்தத்தைப் பார்த்ததில்லை."

"இது நாவல் இல்லீங்க. அந்தப் பொண்ணு தன் வீட்டுல நடக்கறதை எழுதியிருக்கு."

"நடக்கட்டுமே. இதிலும் பாடம் இருக்கிறது." வல்லுநர் தாளை வாங்கிப் பார்த்தார். பெல்ட், குழாய் என்ற சொற்கள் வரும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு மற்றதைப் படித்தார். "வானொலியை அளவான ஒலியில் வைக்க வேண்டும். நல்ல கருத்து. அடுத்த பதிப்பில் ஆறாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். எட்டு மதிப்பெண் ஒன்பதாகும். பரவாயில்லை."

பிறகு அலமாரி திறக்கப்பட்டது. அலுவலர் பதிவேட்டை எடுத்து எண்ணுக்கு நேரே இருந்த பெயரைத் தான் பார்த்தார், வல்லுநருக்குக் காட்டினார், தலைமைத் தேர்வாளருக்குக் காட்டினார். வாத்தியார் எட்டிப் பார்த்தபோது உள்ளங்கையை வைத்து மறைத்தார்.

"புகார் கொடுத்தவருக்கு எதிராளி யாருன்னு தெரியக் கூடாது சார். பாரபட்சம் வந்துடும். விதி பத்தொன்பது."

"பேரு வேண்டாம். ஊராவது சொல்லுங்க."

"நல்லா இருக்கே. ஊரைச் சொன்னா பேரைச் சொன்ன மாதிரி ஆச்சே." அலுவலர் பதிவேட்டில் விரலை நகர்த்திக்கொண்டே போனார். நகர்ந்த விரல் நின்றது. "அட! இது முதல் பரீட்சைக்கு மட்டும்தான் வந்திருக்கு. மத்த அஞ்சுக்கும் வரலை."

"ஏன் வரலைன்னு யாராவது கேட்டீங்களா சார்?" என்றார் வாத்தியார்.

"பார்த்தீர்களா?" என்றார் வல்லுநர். "குற்றமுள்ள நெஞ்சு. மாட்டிக்கொள்வோம் என்ற பயம்."

அரை மணி நேரத்தில் தீர்ப்பு தயாராகிவிட்டது. மூல நாவலை முறையின்றிப் படித்தது, படித்ததைத் திரித்தது, அச்சத்தால் மற்ற தேர்வுகளைத் தவிர்த்தது. மூன்று வருஷம் தேர்வெழுதத் தடை. மாணவியைக் கண்டிக்கும்படி பாதுகாவலருக்குக் கடிதம். கண்டித்ததற்குச் சான்றாக அவர் ஒரு படிவத்தை நிரப்பித் திருப்பி அனுப்ப வேண்டும்.

"பாதுகாவலர்னா யாரு சார்?" என்றார் வாத்தியார்.

"அப்பாதான். வேற யாரு?"

"அந்த ஆள்தானே சார் அடிக்கறான்! அவன்கிட்டயே கண்டிக்கச் சொல்லி எழுதுவீங்களா?"

"சார், சத்தம் போடாதீங்க. படிவத்துல பாதுகாவலர்னு அச்சடிச்சிருக்கு. நாம புதுசா அச்சடிக்க முடியாது."

வாத்தியார் தன் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். புகாரைத் திரும்பப் பெறப் புகார் கொடுத்த நாளிலிருந்து முப்பது நாள் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அன்று மாலை தபாலோடு கடிதம் போனது. உறையை ஒட்டும்போதாவது விலாசத்தைப் பார்த்துவிட அவர் தபால் பிரிவு வாசலில் நின்றிருந்தார். முகவரியைக் கீழ்ப்பக்கமாகக் கவிழ்த்து ஒட்டினார்கள். அங்கே வேலை பார்ப்பவர்கள் இருபது வருஷப் பழக்கம் உள்ளவர்கள்.

அடுத்த ஐந்து நாளும் அவர் தாள்களைத் திருத்தினார். சினத்தை அடக்க வேண்டும், ஒன்று. உணவை உரிய நேரத்தில் சமைக்க வேண்டும், ஒன்று. பிறர் குடும்பத்தில் தலையிடாமல் அமைதி காக்க வேண்டும், ஒன்று. ஒவ்வொரு பிள்ளையும் ஒரே மாதிரி எழுதியிருந்தது. யாருக்கும் அரை மார்க்கு கூட்டிக் கொடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. டீச்சர் அவருக்குத் தன் டப்பாவிலிருந்து சாப்பாடு பிரித்து வைத்தார். அவர் தொடவில்லை.

"உடம்பைக் கெடுத்துக்காதீங்க சார்."

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேன் டீச்சர்."

"நல்லதுக்குத்தானே போட்டீங்க?"

"அது அந்தக் காகிதத்துல இல்ல."

ஆறாம் நாள் முகாம் அலுவலர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் ஒரு பழுப்பு உறை பிரித்துக் கிடந்தது. அலுவலர் உற்சாகமாக இருந்தார்.

"பாருங்க சார். இத்தன வருஷத்துல இப்படி உடனே பதில் வந்ததே இல்ல. நாம நாலு தடவை நினைவூட்டல் போட்டாலும் எவன் படிவம் அனுப்பறான்? பொறுப்பான மனுஷன்."

படிவம் முத்து முத்தான கையெழுத்தில் நிரப்பப்பட்டிருந்தது. பெற்ற நாள், குறிப்பிட்டிருந்தது. கண்டித்த நாள், அதே நாள். கண்டித்த விதம் என்ற இடத்தில், "போதுமான அளவு. இனி எழுத மாட்டாள்" என்றிருந்தது. கீழே தந்தையின் கையொப்பம். அதற்கும் கீழே தாயின் கையொப்பம் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு.

வாத்தியார் அந்தக் கோட்டையே பார்த்தார்.

"அதான் ஒரே ஒரு குறை," என்றார் அலுவலர். "அம்மா கையெழுத்து விட்டுப்போச்சு. அது இல்லாம கோப்பை மூட முடியாது. திருப்பி அனுப்பணும். மறுபடி ஒரு வாரம்."

"தபால்ல வேண்டாம் சார்," என்றார் வாத்தியார். "நானே போய் வாங்கிட்டு வந்துடறேன்."

"நீங்களா? எதிராளி யாருன்னு..."

"தீர்ப்பு சொல்லியாச்சே சார். இனி என்ன பாரபட்சம்?"

அலுவலர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அப்படிப் போகக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. "உங்கள மாதிரி பத்துப் பேர் இருந்தா துறை எங்கயோ போயிடும் சார்," என்று சொல்லி, "கையொப்பம் பெறும் பொருட்டு" என்று முத்திரை குத்தி உறையைக் கொடுத்தார். உறையின் பின்பக்கம், அனுப்புநர் என்ற இடத்தில், மூன்று வரியில் விலாசம் இருந்தது.

இரண்டு பஸ் மாறிப் போனார். ஓட்டு வீடுகள் வரிசையாக இருந்த தெரு. கதவைத் தட்டியதும் தேய்த்த சட்டை போட்ட ஒரு மனிதர் திறந்தார். முத்திரையைப் பார்த்ததும் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"வாங்க சார், வாங்க. படிவம் வந்துச்சா? எதாவது தப்பா எழுதிட்டேனா?"

"அம்மா கையெழுத்து வேணும்."

"அவ போய்ச் சேர்ந்துட்டா சார். பரீட்சை ஆரம்பிச்ச அன்னிக்கு மறுநாள். மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டா."

வாத்தியார் வீட்டைப் பார்த்தார். அந்த வீட்டுக்கு மாடி இல்லை. அந்தத் தெருவில் எந்த வீட்டுக்கும் மாடி இல்லை.

உள்ளே, சுவரோரமாகப் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண். பெரியவளின் வலது கையில், விரல்களைச் சேர்த்து, பழைய சேலைத் துணியால் கட்டுப் போட்டிருந்தது. துணியில் அழுக்கு ஏறியிருந்தது. கட்டுப் போட்டு நாலைந்து நாள் இருக்கும். கடிதம் வந்து நாலு நாள்.

"கண்டிச்சிருக்கேன் சார்," என்றார் அப்பா, அவர் பார்வை போன இடத்தைப் பார்த்து. "நீங்க எழுதினபடியே."

இந்த ஆளிடம் கத்தினால் கதவைச் சாத்துவான். தெருவைக் கூட்டினால் தெரு அமைதி காக்கும். ஆனால் காகிதத்துக்கு இவன் பொத்தானைப் போட்டுக்கொள்கிறான்.

வாத்தியார் உறையைத் திறந்து படிவத்தை எடுத்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். அலுவலரின் குரலிலேயே பேசினார்.

"தாயின் கையொப்பம் இல்லாத பட்சத்தில், பெண் பிள்ளைகளை நேரில் ஆஜர்படுத்தணும். இன்னைக்கே."

"ரெண்டு பேரையுமா? சின்னவ எதுவும் எழுதலயே சார்."

"வீட்டிலுள்ள எல்லாப் பெண் பிள்ளைகளும்னு இருக்கு. விதி இருபத்தேழு."

"நானும் வரணுமா?"

"பாதுகாவலர் வந்தா விசாரணை பாதிக்கப்படும்."

அப்பா தலையாட்டினார். விதி என்றால் விதிதானே என்றார். உள்ளே திரும்பி, "செருப்பைப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க. ஆபீசர் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும்," என்றார். பிறகு வாத்தியாரிடம் குரலைத் தாழ்த்தி, "நான் ஒழுங்கா கண்டிச்சேன்னு கோப்புல ஒரு வரி எழுதிடுங்க சார்," என்று கேட்டுக்கொண்டார்.

"எழுதறேன்," என்றார் வாத்தியார். "எல்லாத்தையும் எழுதறேன்."

மூவரும் தெருவில் இறங்கினார்கள். தெரு முனை திரும்பினார்கள். பெரியவள் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி, இன்னொரு கையால் தங்கச்சியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"நீங்கதான் என் பேப்பரைத் திருத்தினீங்களா?"

"ஆமாம்மா." அவர் நிற்காமல் நடந்தார். "அந்த லெட்டர் வந்ததுக்கும் நான்தான் காரணம். கையெழுத்துப் போட்டது நான்."

அவள் அவரைப் பார்த்தாள். பத்தடி போன பிறகு கேட்டாள்.

"இப்ப எங்க போறோம்?"

"ஆஸ்பத்திரிக்கு. அங்கிருந்து போலீசுக்கு."

"விதி இருபத்தேழுன்னு சொன்னீங்களே, அப்படி ஒண்ணு இருக்கா?"

"இல்லம்மா. இருபத்தாறோட முடிஞ்சுடுது."

அவள் திரும்பி ஒருமுறை தெருமுனையைப் பார்த்தாள். பிறகு தங்கச்சியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவரையும் முந்திக்கொண்டு நடந்தாள்.